பத்தியம்

என் பெரியம்மா மகள் தில்லியில் குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சை எடுத்துக்கொண்ட காலத்தில், அவளுக்கும் மருத்துவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருந்தவள் நான். அக்காவுக்குத் தெரிந்த இந்தி காய்கறி வாங்கப் போதுமானது. கருப்பையைப் பற்றிப் பேசப் போதாது. அத்தானுக்கு இந்தி நன்றாக வரும். ஆனால் மாதவிலக்கைப் பற்றிய கேள்வி எழுந்தவுடன் அவர் தலையைத் திருப்பி, இங்கே கருவின் பாலினம் கண்டறிந்து சொல்லப்படுவதில்லை என்று சுவரில் மாட்டியிருக்கும் பலகையை வாசிக்கத் தொடங்கிவிடுவார். "மொழியியல்தானே படிச்சிருக்கா, அவளே போகட்டும்" என்று வீட்டில் முடிவாயிற்று. மொழியியல் படித்தவர்களுக்கு எல்லா மொழியும் தெரியும் என்பது எங்கள் துறையின்மீது ஊரார் வைத்திருக்கும் பழைய நம்பிக்கை. முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்த நகரத்துக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டபடியால், இந்தியைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கையை நான் பொய்யாக்கவில்லை.

அந்த அறையில் நான் மொழிபெயர்த்த சில சொற்களைப் பற்றியும், மொழிபெயர்க்காமல் விட்ட ஒன்றைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அக்கா படித்துச் சம்மதித்த பிறகே இதைப் பதிவிடுகிறேன்.

முதல் சந்திப்பில் மருத்துவர் அதிகம் பேசவில்லை. பரிசோதனை முடிவுகளைப் புரட்டிப் பார்த்தார். பி.சி.ஓ.எஸ். என்றார். எடை பார்க்கும் கருவியில் ஏறி நிற்கச் சொன்னார். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. அட்டவணை ஒன்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. நம் நாட்டவருக்கு அந்த எண் 23ஐ எட்டினால் மிகை எடை, 25ஐ எட்டினால் உடற்பருமன். அக்காவின் எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு ஊசியைத் தொடங்கலாம் என்றார். மருத்துவ நோக்கில் அவர் சொன்னதில் பிழை காண எனக்குத் தகுதியில்லை. எடை கூடிய பி.சி.ஓ.எஸ். பெண்களுக்குச் சிறிதளவு எடை குறைந்தாலே மாதவிலக்கு ஒழுங்குபடக்கூடும். மயக்க மருந்து கொடுப்பதிலும், பின்னர் கருவுற்ற காலத்திலும் இடர் குறையும். ஆனால் எப்படிக் குறைப்பது என்பதற்கு அவரிடம் இருந்தது அச்சிட்ட தாள் ஒன்றுதான். அது இந்தியில் இருந்தது. தாலியா, பாசிப்பருப்புச் சீலா, இத்தனை ரொட்டி. பிறந்தது முதல் மூன்று வேளையும் அரிசியில் வாழ்ந்த ஒருத்திக்கு அந்தத் தாள் சொன்னதெல்லாம் 'நீ சாப்பிடுவது எதையும் சாப்பிடாதே' என்பது மட்டுமே. மெட்ரோவில் திரும்பி வரும்போது அதை வரிவரியாக வாசித்துச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே வந்து, "இவ்வளவு எதுக்கு? பேசாம சாப்பிடாமலே இருந்துட்டுப் போறேன்" என்றாள். இருவரும் சிரித்தோம்.

அடுத்த சந்திப்புகளில் மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்றே: 'பர்ஹேஸ்' கடைப்பிடிக்கிறீர்கள்தானே? நான் தயங்காமல், "பத்தியம் இருக்கியான்னு கேக்குறாங்க" என்றேன். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் சொற்கள் இரு மொழிகளுக்கு இடையே அரிதாகவே கிடைக்கும். பாரசீகத்திலிருந்து இந்திக்கு வந்த பர்ஹேஸ் என்பதற்கு விலகியிருத்தல் என்று பொருள். வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த பத்தியம் என்பதற்கோ மூலத்தில் உடலுக்கு உகந்தது, நன்மை தருவது என்று பொருள். எதை உண்ண வேண்டும் என்பதும் அதில் அடக்கம். தமிழில் புழங்கிப் புழங்கி அந்தப் பாதி தேய்ந்து, எதை உண்ணக் கூடாது என்பது மட்டும் எஞ்சிவிட்டது. "இருக்கேன்னு சொல்லு" என்றாள் அக்கா. அது உண்மைதான். நானும் உண்மையாகவே மொழிபெயர்த்தேன்.

நான்காம் மாதம் எடைக் கருவி காட்டிய எண்ணைப் பார்த்து மருத்துவர் முகம் மலர்ந்தார். "ஷாபாஷ்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு என் உதவி தேவைப்படவில்லை. அது நம்மிடமும் இருக்கிறது. சிகிச்சை தொடங்கிய நாள் முதல் அக்கா அவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. திருமணமாகி ஒன்பதாவது ஆண்டு. அவளுடைய உடல் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டது என்று அந்த ஒன்பது ஆண்டுகளில் யாரேனும் சொன்னது அதுவே முதல் முறை. எப்படிக் குறைத்தீர்கள் என்று மருத்துவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவ்வாண்டு கந்த சஷ்டிக்கு அக்கா ஆறு நாளும் விரதம் இருந்தாள். ராமகிருஷ்ணாபுரத்தில் குன்றின்மேல் இருக்கும் சுவாமிநாத சுவாமி கோயிலைத் தில்லித் தமிழர்கள் மலை மந்திர் என்பார்கள். சூரசம்ஹாரத்தன்று அங்கே போயிருந்தபோது ஒரு மூதாட்டி அக்காவிடம், "சஷ்டியில இருந்தா அகப்பையில வரும்மா, கவலைப்படாதே" என்றார். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்ற பழமொழியின் 'உண்மையான' வடிவம் இதுவே, அகப்பை என்றால் கருப்பை என்று சொல்லும் விளக்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மொழியியல் மாணவியாக எனக்கு இதில் உடன்பாடில்லை. சட்டியும் அகப்பையும் சமையலறையில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பவை; பழமொழி சமையலைப் பற்றியதுதான். ஆயினும் அந்த விளக்கம் ஏன் இவ்வளவு உறுதியாக நிலைத்திருக்கிறது என்று இப்போது யோசிக்கிறேன். பெண் உண்ணாதிருந்தால் அவள் வயிறு நிறையும் என்ற எண்ணம் நமக்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறது! கருவுறுவதை 'உண்டாதல்' என்கிறோம். 'உண்டு' என்பது இருக்கிறது என்றும் பொருள்படும், சாப்பிட்டுவிட்டு என்றும் பொருள்படும். இரண்டும் வெவ்வேறு வேர்கள், ஓசை மட்டுமே ஒன்று என்று முதலாண்டு மாணவர்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன். அக்காவின் வீட்டில் அந்த இரண்டு வேர்களும் பகைத்துக்கொண்டு நின்றன.

நான் அறிந்தது அதற்கு அடுத்த மாதம். அக்காவின் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். வார இறுதியில் நானும் அங்கே தங்கியிருந்தேன். இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது சமையலறையில் விளக்கெரியாமல் அக்கா தரையில் அமர்ந்து, மிஞ்சிய சோற்றைச் சட்டியோடு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பசித்தவர் சாப்பிடும் விதமல்ல அது. வேறு யாரோ அவளுக்குள் அமர்ந்து அள்ளிப் போட்டுக்கொள்வதைப் போலிருந்தது. நான் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் குளியலறையில் குழாய் திறக்கும் சத்தமும், அதற்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டன.

அந்த இரண்டாவது சத்தத்தை அத்தையும் கேட்டிருக்கிறார். காலையில் அவர் முகத்தில் ஓர் ஒளி இருந்தது. எதுவும் கேட்கவில்லை, தட்டின் ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாயை மட்டும் கொஞ்சம் அதிகமாக வைத்தார். நண்பகலில் ஊருக்குத் தொலைபேசியில், "இன்னும் சொல்லக்கூடாது, ஆனா வாந்தி இருக்கு" என்று அடங்கிய குரலில் சொல்வது கேட்டது. நம் வீடுகளில் மருமகள் வாந்தியெடுத்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். அக்கா அந்தப் பொருளை மறுக்கவில்லை. மூன்று நாள் அவரை அப்படியே நம்பவிட்டாள். அந்த மூன்று நாளில் அத்தை தன்னிடம் பேசிய குரலைப் போல் அதற்கு முன் பேசியதே இல்லை என்று பிறகு சொன்னாள்.

உண்ணல் கோளாறு என்ற தொடரை நான் அப்போது ஆங்கிலத்தில் மட்டுமே அறிந்திருந்தேன். மெலிந்து எலும்பான இளம்பெண், கண்ணாடி முன் நின்று தன்னைப் பருமன் என்று எண்ணுகிறாள்: அந்தச் சித்திரம்தான் மனத்தில் இருந்தது. அக்கா மெலிந்திருக்கவில்லை. அழகாக வேண்டும் என்றும் அவள் நினைக்கவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் மனநல மருத்துவர்கள் 1995இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று. உண்ண மறுப்பு, தொடர் வாந்தி, எடை இழப்பு, மாதவிலக்கு நின்றுபோதல் ஆகியவற்றோடு வந்த ஐந்து இளம்பெண்களைப் பற்றிய கட்டுரை அது. மேலைநாட்டு நூல்கள் முதன்மையாகச் சொல்லும் அடையாளம், அதாவது தன் உடல் வடிவத்தைப் பற்றிய பிறழ்ந்த பார்வை, அவர்களிடம் இல்லை. நோய் இருக்கிறது, பாடநூல் சொல்லும் காரணம் இல்லை. அக்காவிடம் காரணம் கேட்டிருந்தால் பளிச்சென்று சொல்லியிருப்பாள்: குழந்தைக்காக.

இதிலுள்ள கொடுமை உடலியங்கியலில் இருக்கிறது. உடலுக்கு வர வேண்டிய உணவு வராதபோது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, சினைப்பைகளை இயக்கும் சுரப்புகளுக்கான சைகையைக் குறைத்துவிடுகிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போகிறது அல்லது நின்றுவிடுகிறது. இதற்கு எலும்பு தெரிய மெலிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அக்காவுக்கு இரண்டு மாதம் விலக்கு வரவில்லை. பி.சி.ஓ.எஸ். என்று கோப்பில் ஏற்கெனவே எழுதியிருந்ததால் அதற்கு வேறு காரணம் தேட எவருக்கும் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் எடை குறைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். அக்கா இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.

நான் அவளிடம் பேசினேன். மறுக்கவில்லை. "டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிறாதடி. சொன்னா ஊசி போட மாட்டாங்க. எனக்கு முப்பத்தஞ்சு ஆகப்போகுது" என்றாள். நான் வாக்குக் கொடுத்தேன்.

1990இல் கனடாவின் டொரொன்டோவில் நடந்த ஓர் ஆய்வைப் பிறகு வாசித்தேன். குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வந்த 66 பெண்களை வரிசையாக ஆராய்ந்ததில் 11 பேருக்கு ஏதோ ஒரு வகை உண்ணல் கோளாறு இருந்தது. மாதவிலக்கு ஒழுங்கற்றோ நின்றோ போனவர்களிடையே அது 58 விழுக்காடு. அந்த எண்களைவிட அதன் முடிவுரையில் வரும் ஒரு தகவல்தான் என்னை நிறுத்தியது: அந்தப் பதினொருவரில் ஒருவர்கூட மருத்துவமனையில் அதைச் சொல்லியிருக்கவில்லை. அக்காவைப் போன்ற பதினொருவர், முப்பது ஆண்டுகளுக்கு முன், வேறொரு கண்டத்தில். ஆனால் அவர்களுக்கும் மருத்துவருக்கும் நடுவே தெரிந்தும் சொல்லாத ஒருத்தி உட்கார்ந்திருந்தாளா என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை.

ஊசிகளைத் தொடங்குவதற்கு முந்தைய வாரம், மயக்க மருந்துக்கான முன்பரிசோதனை. முட்டைகளை வெளியே எடுப்பது மயக்கநிலையில் நடப்பதால் இரத்தம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். மயக்க மருந்து மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பொட்டாசியம் குறைவாக இருந்தது. அது இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது. வாந்தி உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, வேறு மாத்திரை ஏதும் எடுக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா என்னைப் பாராமல், "இல்லைன்னு சொல்லு" என்றாள்.

மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பவர், பேசுபவரின் வாயாகவே பேச வேண்டும் என்பது முறை. அவர் 'இல்லை' என்றால் நாமும் 'இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை எல்லாக் கேள்விகளுக்கும் நான் அப்படித்தான் சொல்லி வந்திருந்தேன். அன்று இந்தியில், 'இல்லை என்று சொல்கிறார்' என்றேன். தமிழில் 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள தொலைவு அது. செய்திக்கு நான் பொறுப்பில்லை என்று பேசுபவர் விலகிக்கொள்ளும் அந்த 'ஆம்' விகுதியைப் பற்றி ஒரு பருவம் முழுக்கக் கட்டுரை எழுதியவள் நான். வாக்கை மீறாமல் வாக்கை மீறுவதற்கு இலக்கணத்தில் ஓர் இடுக்கு இருந்தது, அதில் நுழைந்துகொண்டேன். தெரிந்துதான் அப்படிச் சொன்னாயா என்று அக்கா பிறகு கேட்டாள். தெரியாமல் வந்துவிட்டது என்றேன். அது பொய்.

மருத்துவர் அக்காவை விட்டு என்னைப் பார்த்தார். பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, ஒரு செவிலியரை உள்ளே அழைத்தார். தில்லி மருத்துவமனைகளில் மலையாளிச் செவிலியர் இல்லாத தளம் இராது. இவர் கோயம்புத்தூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. நான் எதிர்பார்த்தது ஏதோ ஒரு வினாநிரல். அப்படி ஒன்று உண்டு. லண்டனில் உருவாக்கி 1999இல் வெளியிட்ட ஐந்து கேள்விகள், உலகெங்கும் பயன்படுபவை. அதைத் தமிழாக்கிப் பார்த்து நான் தோற்றிருந்தேன். வயிறு நிறைந்துவிட்டதே என்று வாந்தியெடுப்பதுண்டா என்ற முதல் கேள்வி தமிழில் ஒன்று குற்றச்சாட்டாக ஒலித்தது, இல்லையேல் மசக்கை விசாரிப்பாக. செவிலியரிடம் வினாநிரல் எதுவும் இல்லை. அக்காவின் கட்டில் அருகே இருக்கையை இழுத்துப்போட்டுக்கொண்டு, மலையாளம் தோய்ந்த தமிழில் கேட்டார்: "சாப்பிட்டது உள்ள நிக்குதா?"

நெடுநேரம் ஓசை எதுவும் கேட்கவில்லை. பிறகு அக்கா அழுவது கேட்டது.

ஊசிகள் நிறுத்திவைக்கப்பட்டன. பதினோரு மாதம். முப்பத்தைந்து வயதில் பதினோரு மாதம் என்பது என்ன என்று இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மனநல ஆலோசனைக்கு என்னை அழைக்கவில்லை. காணொளியில் தமிழில் பேசும் உளவியலாளர் ஒருவரைத் தானே தேடிக்கொண்டாள். அவர் கொடுத்த முதல் மருந்து, வேளை தவறாமல் சாப்பிடுவது. பகலெல்லாம் பட்டினி கிடப்பதுதான் இரவின் வெறியைக் கிளப்புகிறது என்பதால் அங்கேதான் தொடங்குவார்களாம். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்குத் தட்டின் முன் உட்கார வேண்டும். பத்தியம் என்ற சொல்லின் தேய்ந்துபோன பாதி இதுதான் என்று எனக்குப் பட்டது.

"சாப்பிடாம இருக்குறதெல்லாம் ஒரு நோயா?" என்று முதலில் கேட்டவர் அத்தைதான். ஆனால் அவர் ஊர் திரும்பவில்லை. அக்கா உண்ணும்போது தாமும் ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு எதிரே அமரத் தொடங்கினார். எல்லோரும் உண்ட பிறகு அடுக்களையில் தனியாக உண்பதையே அறுபத்து மூன்று வயதுவரை வழக்கமாக வைத்திருந்தவர். காவலுக்காக உட்காரவில்லை என்று அக்கா சொல்கிறாள். அவருக்கும் சூடான சோறு பிடித்துப்போய்விட்டதாம்.

2023இல் வெளிவந்த பி.சி.ஓ.எஸ். பற்றிய பன்னாட்டு வழிகாட்டுதல், இப்பெண்களிடையே உண்ணல் கோளாறுகள் மிகுதி என்பதை மருத்துவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்கிறது. எடையைச் சொல்லி அவமதிப்பதன் கேட்டையும் வெளிப்படையாகப் பேசுகிறது. நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் தம்பதியருக்குத் தொழில்முறை ஆலோசனை வழங்கியாக வேண்டும் என்கிறது. நாங்கள் போன இடத்திலும் ஆலோசகர் அறை இருந்தது. அங்கே எங்களுக்கு விளக்கப்பட்டது, மூன்று சுழற்சிக்குச் சேர்த்துக் கட்டினால் எவ்வளவு குறையும் என்பதும், அதற்கான மாதத் தவணையும். ஒவ்வொரு முறையும் எடை பார்க்க ஒருவர் இருந்தார். அந்த எடை எந்த வழியில் இறங்கியது என்று கேட்க ஓர் ஆளை வைப்பதற்கு அவர்களுக்கு என்ன செலவாகியிருக்கும்? செவிலியர் கேட்டது மூன்று சொல்.

நான் அன்று செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளராகத் தவறு. தங்கையாகவும் கோழைத்தனம்தான், சொல்வதானால் முதல் இரவே சொல்லியிருக்க வேண்டும். அத்தான் ஒரு முறை கேட்டார், "உனக்கு ஒரு மாசமாத் தெரியுமா?" என்று. தெரியும் என்றேன். அவர் அந்தப் பலகையை வாசிப்பவரைப்போல் எங்கோ பார்த்தார்.

சென்ற மாதம் ஊசிகள் மீண்டும் தொடங்கியிருக்கின்றன, வேறோர் இடத்தில். முதல் நாளே தன் கோளாற்றைத் தன் இந்தியிலேயே சொன்னாளாம். "தப்புத்தப்பாத்தான் சொன்னேன். புரிஞ்சுது" என்றாள்.

இந்தப் பதிவை நேற்றிரவு அவளுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு அழைத்தாள். பெயர், ஊர் எதுவும் இல்லை, சரி என்றாள். அத்தையின் ஊறுகாயை எடுத்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம், இருக்கட்டும் என்றாள். பிறகு, "அந்த நர்ஸ் கேட்டதை எழுதியிருக்க. நான் அழுததையும் எழுதியிருக்க. நான் என்ன சொன்னேன்னு எழுதலையே?"

கதவுக்கு வெளியே எனக்கு அது கேட்கவில்லை என்றேன்.

"நிக்கலைன்னு சொன்னேன். அதையும் போடு."